சேமக்காலையில் ஒரு பரமேஸ்வரி

அத்தான்,

நான் முதலே சொன்னனான். ஒன்றையும் விடாமல் சொன்னனான். எனக்கு முதல் நீங்கள் போவீர்கள் என்று சொன்னேன். கல்லில் பேர் எழுதப் போனால் குழப்பம் வரும் என்று சொன்னேன். கடைசியில் ஆதித் திருச்சபைக் காலத்துப் பெரியவர் ஒருவர் எழும்பி வந்துதான் அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பார் என்றும் சொன்னேன். அப்போது நீங்கள் சிரித்தீர்கள். சிரித்தவர் மண்ணுக்குள் கிடக்கிறீர்கள். சொன்னவன் நனைந்த சேட்டோடு வந்து குந்தியிருந்து இதை எழுதுகிறேன்.

கையில் இன்னும் சுண்ணாம்பு மணக்கிறது. நேற்றுப் பின்னேரம் மழை விட்ட இடைவெளியில் உங்கள் கல்லறைக்கு வெள்ளை அடித்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் அந்த மணம் போக மாட்டேன் என்கிறது. இன்றைக்கு உங்கள் ஆட்களின் ஆத்துமாக்கள் திருநாள். சேமக்காலை முழுக்க மெழுகுதிரி, குடை, சேறு. இளம் சுவாமி கல்லறை கல்லறையாகப் போய், கல்லில் உள்ள பேரை வாசித்து, தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். கல்லில் பேர் இல்லாதவருக்குத் தீர்த்தம் இல்லை. அது உங்களுக்குத் தெரியும். அக்கா போனபிறகு ஒவ்வொரு வருசமும் இந்த நாளில் உங்கள் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் குடையில்லாமல் நின்று, ஊரில் உள்ள எல்லாருடைய பேரும் வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் நீங்கள்தானே.

அக்காவுக்குக் கல் இல்லை. என்னுடைய அக்கா, உங்கள் மனைவி, சாம்பல்தீவில் பிறந்த சைவக்காரி. கோயிலில் தாலி கட்டாமல் உங்கள் தேவாலயத்தில் மோதிரம் மாற்றினாலும், ஞானஸ்நானம் எடுக்காமலேயே உங்களோடு வாழ்ந்து முடித்தவ. உங்கள் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் அவவின் பிள்ளையார் இருந்தார். ஒரு விளக்குத்தான், இரண்டு பேருக்கும் நடுவில். எண்ணெய்ச் செலவு மிச்சம் என்று சொல்லுவா. எங்கள் முறைப்படி எரித்தோம். சாம்பலை மலையடிக் கடலில் கரைத்தோம். அந்த வள்ளத்தில் நீங்களும் நானும்தான் போனோம். அன்றைக்கு அலை தென்னைமர உயரம். வள்ளக்காரன் பயந்து அழுதான், நான்தான் துடுப்பை வாங்கி வலித்தேன். நீங்கள் இருந்திருந்தால் இந்த இடத்தில், "மச்சான், அண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது" என்று சொல்லியிருப்பீர்கள். இப்போது அப்படிச் சொல்லத் திருகோணமலையில் ஒருவரும் இல்லை. என் அலைகள் எல்லாம் தடையில்லாமல் உயர்ந்துகொண்டு போகின்றன. அதில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை.

கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் கிரியை முடித்துவிட்டு வந்த அன்று, உங்கள் வீட்டுக்குச் செபக்குழுவை நடத்தும் ரீச்சர் வந்தா. நல்ல மனுசி, கேக்கும் கொண்டுவந்தா. கதிரையில் இருந்து அக்காவின் படத்தைப் பார்த்து, "பாவம், வெளிச்சத்தைக் காணாமலே போயிட்டா" என்று சொன்னா. நீங்கள் எழும்பிப் போய் ரீச்சருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். சீனி போட மறந்துவிட்டீர்கள். அவவும் முகம் சுளிக்காமல் குடித்தா.

அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகங்கள் வீட்டுக்குள் வந்தன. பங்கில் முன்னொரு காலம் இருந்த வெள்ளைக்காரச் சுவாமி விட்டுப்போன தடித்த இங்கிலீசுப் புத்தகங்கள், கறையான் தின்று மிச்சம் விட்டவை. அலுமாரியில் அக்காவின் சீலைகள் இருந்த தட்டில் அவை ஏறின. சுங்கத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற மனிதன், வெற்றிலை போட்டுக்கொண்டு வானொலி கேட்க வேண்டிய வயதில், ஆதிச் சபைப் பிதாக்களும் பதிதர்களும் பிடித்த சண்டையை வாசிக்கத் தொடங்கினீர்கள். சபை எதைப் பிழை என்று தள்ளியதோ, அதை விடாமல் பிடித்தவர்கள் பதிதர்கள். அவர்களை மறுத்து எழுதியவர்கள் பிதாக்கள். இவ்வளவும் நான் ஒரு நாளில் பிடித்துக்கொண்டேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் எட்டாம் வகுப்பு வாத்தியார் என்னை வகுப்பில் வைத்திருக்கப் பயந்ததால்தான் அது நடந்தது என்று உங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

பின்னேரங்களில் ஜெற்றிப் பக்கத்து வாங்கில் இருப்போம். கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு மூன்று வந்து கடலை கேட்டு நிற்கும். உள்துறைமுகத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றினது போலக் கிடக்கும். நான் கிரேன் பிடித்த காலத்தில் மாலுமிகள் என் கையைப் பார்த்துத்தான் நங்கூரம் போட்டார்கள் என்று நான் தொடங்க, நீங்கள் நடுவில் வெட்டி, கருங்கடல் பக்கத்துக் கப்பல்காரன் ஒருவனின் கதையை எடுப்பீர்கள். பழைய வேதத்தின் கடவுள் வேறு, இயேசுவின் தகப்பன் வேறு என்று சொல்லி வேதத்தில் பாதியை வெட்டி எறிந்தவன்.

"கப்பல்காரன்தானே அத்தான். புயல் எண்டால் பாதிச் சரக்கைக் கடலில தள்ளுறவங்கள்" என்றேன்.

"இவ்வளவு புத்தகத்திலயும் இதை ஒருத்தரும் எழுதேல்லை மச்சான்" என்றீர்கள். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு எப்போதும் வெல்லுகிற பக்கம்தான் பிடிக்கும். அதனால் சைவக்காரனாகிய நான் சபையின் பக்கம் நின்று வாதாடினேன். வேதக்காரராகிய நீங்கள் பதிதரின் பக்கம் நின்றீர்கள். வீதியால் போனவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பொதுச்சங்கத்தில் ஆயர் ஒருவர் எதிராளியைக் கன்னத்தில் அறைந்தார் என்று ஒரு கதை உண்டு என்றீர்கள். நான் அதைத் தேத்தண்ணிக் கடையில் சொல்லும்போது மூன்று அறை, ஒரு பல்லும் விழுந்தது.

ஆனால் நீங்கள் எல்லாப் பதிதருக்கும் பக்கம் நின்றவர் அல்ல. இயேசுவின் உடம்பு வெறும் தோற்றம், ஆணி அறைந்தபோது அவருக்கு நோகவே இல்லை என்று சொன்ன கூட்டம் ஒன்று இருந்தது. அது எனக்கு நல்ல கதையாகப் பட்டது.

"கடவுளுக்கு ஏன் அத்தான் நோகவேணும்?"

தேத்தண்ணிக் கோப்பையை வாங்கில் வைத்தீர்கள். "நோகேல்லையெண்டால் என்னத்துக்கு வந்தவர்? உம்மட அக்கா கடைசியாக் கிடந்த கிடையைப் பாத்தனீர்தானே. முதுகுப் புண்ணைக் கழுவினது நான். அதையும் தோற்றம் எண்டு சொல்லுவீரே?"

நான் கப்பல் ஊதிய சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத் துறைமுகத்தில் கப்பல் நின்றதோ என்று நீங்கள் கேட்கவில்லை. அது உங்களின் பெருந்தன்மை.

நீங்கள் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு பழைய ஆசிரியரைத்தான். அலெக்சாந்திரியா என்ற துறைமுகப் பட்டினத்தில் இருந்தவர். கடைசியில் ஒரு உயிரும் மிச்சமில்லாமல் கடவுளிடம் திரும்பிவிடும், நரகத்து நெருப்பும் புண்ணைச் சுடுகிற மருந்துதான், சுகமானதும் அணைந்துவிடும் என்று சொன்னவர். அவர் செத்துக் கனகாலத்துக்குப் பிறகு அவருடைய போதகத்தைப் பிழை என்று தள்ளினார்கள். "செத்தவனோட சண்டை பிடிக்கிறது லேசு" என்றீர்கள். நான் உடனே சபைக்காகப் பாய்ந்தேன். அப்படி எல்லாரையும் விட்டால் பிறகு நல்லவனுக்கு என்ன மரியாதை, ரிக்கற் எடுத்தவனுக்கும் எடுக்காதவனுக்கும் ஒரே இருக்கையோ என்று கேட்டேன்.

அது கந்தசஷ்டிக் காலம். கோயிலில் சூரன்போருக்கு ஆயத்தம் நடக்கும் மேளச்சத்தம் கேட்டது. நீங்கள் அந்தப் பக்கம் கையைக் காட்டினீர்கள். "உங்கட ஆள் சூரனை என்ன செய்தவர்? எறிஞ்சவரே? பிளந்து, மயிலாயும் சேவலாயும் தன்னோட வைச்சுக்கொண்டவர். சூரனுக்கே இடமிருக்கு. எங்கட வீட்டில பெண்டாட்டிக்கு இல்லையாம்."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது உங்கள் குரல் வேறு மாதிரி இருந்தது. மான் ஒன்று உங்கள் கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. வாதம் எதற்கு நடக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. முதலே விளங்கியது என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன்.

இன்னும் இரண்டு கதைகள் சொன்னீர்கள், இரண்டையும் நான் மறக்கவில்லை. ஒன்று, அந்தக் காலத்துச் சுவாமியாக இருந்த ஆசியாப் பக்கத்து மூப்பர் ஒருவர் அப்போஸ்தலர் ஒருவரைப் பற்றி ஒரு கதையைத் தானே எழுதி, அவர் காலத்து நூல் போல உலாவவிட்டார். பிடிபட்டபோது, அவர்மேல் உள்ள அன்பால் செய்தேன் என்று சொல்லிவிட்டுப் பதவியை விட்டு இறங்கினார். மற்றது, பதிதர் எழுதியவற்றில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. அவர்கள் சொன்னதில் பலதும், அவர்களை மறுக்க வந்த பிதாக்கள் முதலில் எடுத்து எழுதி வைத்தபடியால்தான் மிஞ்சியது. எதிராளியின் வாயில்தான் அவர்களுக்குச் சீவியம்.

"அப்ப எனக்கும் அதுதான் விதி" என்றீர்கள். "என்ர கதை உம்மட வாயாலதான் மிஞ்சப்போகுது. ஆண்டவர்தான் காப்பாத்தவேணும்."

போன மாரிக்கு நெஞ்சு வருத்தம் தொடங்கியது. கதிரையை யன்னலடியில் போடச் சொல்லி அதிலேயே இருந்தீர்கள். புத்தகங்களைத் தூக்க ஏலாது, கண்ணும் மங்கல். நான் வாசித்துக்காட்ட வந்தால், என் இங்கிலீசைக் கேட்டு இன்னும் வருத்தம் கூடிவிடும் என்று கையை ஆட்டுவீர்கள். ஒரு பின்னேரம், உங்கள் மகள் நிர்மலா கஞ்சியோடு குசினிக்குள் நின்ற நேரம், என்னைக் கிட்ட வரச் சொன்னீர்கள்.

"எனக்கு ஒரு கல்லுப் போடுவினம்தானே. அதில ரெண்டு பேரையும் போடுங்கோ. அந்த நாளில ஒருக்கா அவளின்ர பேரையும் வாசிக்கட்டும்."

"விடமாட்டினம் அத்தான்."

"நீர்தானே வெல்லுற பக்கத்தில நிக்கிறனீர். போய் வெண்டுகொண்டு வாரும்."

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

சேமக்காலைக் குழு சுவாமியின் அறைவீட்டு விறாந்தையில் கூடியது. மழை. நிர்மலாவும் நானும் ஒரு வாங்கில். எதிரே தலைவர், ஓய்வு பெற்ற அதிபர். அவருக்குப் பக்கத்தில் அதே செபக்குழு ரீச்சர். ஓரத்தில் இளம் சுவாமி, குருப்பட்டம் கிடைத்து அதிக காலம் ஆகாதவர்.

"பேர் பரமேஸ்வரி எண்டு கிடக்கு" என்றார் தலைவர். "இதைச் சிலுவைக்குக் கீழ எப்பிடி எழுதுறது?"

"மேல எழுதினால் சரியோ ஐயா?" என்றேன். நிர்மலா என் முழங்காலில் நுள்ளினாள்.

"பகிடி விடாதேங்கோ. ஞானஸ்நானம் இல்லை. உடலும் இங்க அடக்கம் இல்லை. பிறகென்னத்துக்குக் கல்லு?"

ரீச்சர் மெல்லச் சொன்னா: "நல்ல மனுசி. என்ர பிள்ளைக்கு அம்மாள் வந்தநேரம் வேப்பிலையோட வந்து நிண்டவ. நான் மறக்கேல்லை. ஆனால் சபைக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, தம்பி. இண்டைக்கு இவவுக்கு விட்டால் நாளைக்கு ஆருக்கு இல்லையெண்டு சொல்லுறது?"

"அம்மாவுக்கு வேற இடம் இல்லை சுவாமி" என்றாள் நிர்மலா. அவள் அழவில்லை. அழுதிருந்தால் யாராவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அழாதபடியால் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போதுதான் நான் எழும்பினேன். வேட்டியை உயர்த்திக் கட்டிக்கொண்டு பெரிய மேடையில் பேசுகிறவன் போலப் பேசினேன். கருங்கடல் கப்பல்காரனில் தொடங்கினேன், தோற்ற உடம்புக்காரரை ஒரு பிடி பிடித்தேன், ஆயர் அறைந்த அறையை இரண்டாகக் குறைத்துச் சொன்னேன், இடம் சுவாமியின் வீடு என்பதால். தலைவர் வாயைத் திறந்தபடி இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆசியாவில் இருந்த ஒரு மூப்பர், பதிதருக்கு எதிராக எழுதியவர், கலப்புக் கலியாணம் செய்தவர்களைப் பற்றி எழுதி வைத்த வசனம் என்று இதைச் சொன்னேன்:

"ஒரே வள்ளத்தில் ஏறி வந்தோரைத் துறையில் வைத்துப் பிரித்து நிறுத்த, நம் ஆண்டவர் ஆயக்காரர் அல்லவே."

ஆயக்காரர் யார் என்று வேதம் வாசிக்கிற ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரோமருக்கு வரி பிடுங்கிக் கொடுத்தவர்கள். ரீச்சர் சீலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனா.

"பதிதருக்கு எதிரா எழுதினவரே இப்பிடி எழுதியிருக்கிறார் எண்டால்…" என்று தலைவர் சுவாமியைப் பார்த்தார்.

"பேர் என்ன ஐயா, அந்த மூப்பருக்கு?" என்று சுவாமி கேட்டார்.

"என்ர வாயில வராத பேர் சுவாமி. அத்தானுக்குத்தான் தெரியும்."

சுவாமி என்னைக் கனநேரம் பார்த்தார். இந்த மனிதன் செமினறியில் இதையே வருசக்கணக்காகப் படித்தவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "ஆயக்காரர் அல்லவே" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "பேரைப் போடுங்கோ. கொஞ்சம் சின்ன எழுத்தில" என்றார். நான் மேசனிடம் ஒரே அளவு எழுத்து என்று சொல்லிவிட்டேன்.

இன்று அவர் உங்கள் கல்லறைக்கு வரும்போது மழை திரும்பவும் பிடித்துவிட்டது. உங்கள் பேரை வாசித்தார். பிறகு "பரமேஸ்வரி" என்று வாசித்தார், சத்தமாக, மற்றப் பேர்களை வாசித்த அதே குரலில். தீர்த்தம் எழுத்தில் விழுந்தது. மழைத்தண்ணியோ தீர்த்தமோ என்று பிரிக்க ஏலாது. நிர்மலா என் கையைப் பிடித்து, "அம்மாவைக் கூப்பிட்டாச்சு மாமா" என்றாள். பிறகு பூசைப் பிரசங்கத்தில் சுவாமி அந்த வசனத்தையும் எடுத்துச் சொன்னார். ஆதித் திருச்சபையின் பெரியவர் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன் என்றார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே வந்து ஜெற்றிப் பக்கம் போனேன். வாங்கு நனைந்து கிடந்தது. மான்களும் இல்லை. நான் வென்றுவிட்டேன் என்று சொல்ல வந்தேன். சொல்லுவதற்கு ஆள் இல்லை. வெல்லுகிற பக்கத்தில் தனியாக நிற்பது இவ்வளவு குளிராக இருக்கும் என்று நீங்கள் வாசித்த புத்தகம் ஒன்றிலும் இல்லையோ?

இந்த மடலில் அலையைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறேன். அது உங்களுக்குத் தெரியும், வாசிக்கிறவர்களும் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

சாம்பல் கரைத்துவிட்டு வள்ளம் கரைக்குத் திரும்பிய அன்று, நீங்கள் இறங்காமல் வள்ளத்து முன்பக்க அணியத்தைப் பிடித்தபடியே இருந்தீர்கள். கடல் குளம் மாதிரித்தான் கிடந்தது. சுங்கத்தில் சீவியம் முழுக்க இறங்குகிறவர்களைப் பிரித்துப் பிரித்து நிறுத்திய மனிதன், மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "ஆண்டவர் என்ன, கஸ்டம்ஸ்காரனே மச்சான்? ஒரு வள்ளத்தில வந்த ரெண்டு பேரைக் கரையில வைச்சுப் பிரிக்க?"

அவ்வளவுதான். மூப்பரும் இல்லை, ஆசியாவும் இல்லை. எந்தப் பிதாவும் அதை எழுதவில்லை. கஸ்டம்ஸ்காரனை ஆயக்காரர் ஆக்கியது மட்டும் என் கைவேலை. மிச்சம் முழுக்க உங்களுடையது. அன்பால் செய்தேன் என்று சொல்லி இறங்கிப்போக எனக்கு ஒரு பதவியும் இல்லை. சுவாமி இதை வாசித்தால் வாசிக்கட்டும். கல்லுக்கு வைத்த சீமெந்து இறுகிவிட்டது.